கடல் கொண்ட பெயர்கள்

சென்ற ஆண்டு, யான் பணியாற்றும் பள்ளியின் ஆண்டு விழாவிற்கென ஒரு சிறு நாடகம் பயிற்றினோம். முடிவுக் காட்சியில் தமிழன்னை மேடையில் தோன்றிப் பத்து வரி பேச வேண்டும். ஏழாம் வகுப்பில் அதற்கென்றே பிறந்தாற்போல் ஒரு சிறுமி இருந்தாள். குரல் வெண்கல மணி. ழகரம், ளகரம், றகரம் மூன்றும் பிசகாத ஒலிப்பு. இரண்டே நாளில் பாடம் முழுவதையும் நெட்டுருச் செய்துவிட்டாள். ஆனால், அவள் நல்ல கருநிறத்தவள். ஒத்திகை காண வந்தோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். 'மேடை விளக்கில் முகம் எடுக்காதே' என்றார் ஒருவர். 'தமிழன்னை என்றால் களையாக இருக்க வேண்டாவா?' என்றார் மற்றொருவர். முடிவில், சிவந்த நிறத்துச் சிறுமி ஒருத்திக்குப் பட்டுடுத்தி, முடி சூட்டி நிறுத்தினர். அவளுக்கோ ழகரம் வரவில்லை. எனவே கருநிறச் சிறுமியைத் திரைக்குப் பின்னால் நிற்க வைத்துப் பேசச் செய்தனர். குரல் பின்னால், முகம் முன்னால். அவையோர் கைதட்டினர். கைதட்டு முன்னால் நின்ற முகத்திற்கே சென்றது.

அவ்வாசிரியர் கூட்டத்துள் யானும் ஒருவன். வாய் திறந்திலேன். முப்பதாண்டுகளாகத் தமிழ்மானம் பேசியும் எழுதியும் வருபவன், தமிழன்னைக்குத் தமிழச்சியின் நிறம் ஆகாது என்று என் கண்முன்னே முடிவு செய்தபோது வாளா இருந்தேன். இவ்விழுக்கை இவ்விதழின் ஆசிரியவுரையில் எழுதுவதற்குக் கரணியம் உண்டு.

விழா முடிந்து சில திங்கள் கழித்து, பிரான்சில் பணியாற்றி ஓய்வு பெற்று வில்லியனூரில் வாழும் நண்பர் ஒருவர், ஓவியப் படத்தொகுப்பு ஒன்றைக் கொணர்ந்து காட்டினார். 'இந்த ஓவியரின் பெயரைப் படியுங்கள், ஐயா' என்றார். பிரெஞ்சு எழுத்தில் இருந்த அப்பெயரை எழுத்துக்கூட்டினேன்: கெல்லி சின்னப்பா மேரி. நடுவில் நின்ற அச்சொல், நம் தெருவில் யாரோ யாரையோ அழைப்பதுபோல் செவியில் ஒலித்தது. பக்கங்களைப் புரட்டினேன். கருநிறத்துப் பள்ளிச் சிறுமி ஒருத்தி மீண்டும் மீண்டும் தோன்றினாள். அவள் தோல் முழுவதும் இலையும் கொடியும் படர்ந்திருந்தன. அவளருகே புலி. அவள் நம்மை நேராகப் பார்த்தாள். திரைக்குப் பின்னால் நாங்கள் நிறுத்திய சிறுமி, திரையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றதுபோல் இருந்தது.

யார் இந்தச் சின்னப்பா? அமெரிக்க மண்டலத்துக் கரிபியக் கடலில், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட குவாதலூப்புத் தீவில், சென்பிரான்சுவா என்னும் ஊரில் 1981-ஆம் ஆண்டு பிறந்தவர். ஓவியம், சிற்பம், தையல் ஆகிய மூன்றிலும் கைதேர்ந்தவர். நியூயார்க்கு நகரின் கலைக்கூடங்களிலும் இவருடைய படைப்புகள் வைக்கப்பெற்றன. அத்தீவின் மக்களுள் பெரும்பாலோர், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழியினர். இவரும் தம்மை அவ்வழியினராகவே எண்ணி வளர்ந்தார். தம் முன்னோர் இந்தியாவின் தென்பகுதியிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தோர் என்பதைப் பின்னரே அறிந்து தெளிந்தார். தான் யார் என்ற வினா, வளர்ந்து முதிர்ந்த பின்னர் ஒருவரை வந்து தாக்குவது எளிய நிகழ்ச்சியன்று. அத்தாக்குதலிலிருந்தே அவர் கலை பிறந்தது.

அவ்வினாவின் ஒரு நுனி குவாதலூப்பில் இருக்கிறது. மறுநுனி எங்கே இருக்கிறது தெரியுமா? நம் புதுவைக் கடற்கரையில்!

பிரெஞ்சு ஆட்சி தன் குடியேற்ற நாடுகளில் 1848-ஆம் ஆண்டு அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுள் பலர், தம்மைச் சாட்டையால் அடித்த கரும்புத் தோட்டங்களுக்குத் திரும்ப விரும்பவில்லை. தோட்ட முதலாளிகளுக்குக் கைகள் வேண்டியிருந்தன. அவர்கள் கண் புதுவை, காரைக்கால் துறைகளின்மேல் விழுந்தது. 'ஒரேலி' என்னும் கப்பல் 1853-ஆம் ஆண்டு மே திங்களில் மார்த்தினிக்குத் தீவில் முதல் கூட்டத்தை இறக்கியது. அதே கப்பல் 1854-ஆம் ஆண்டு திசம்பர் இறுதியில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட நம்மவரைக் குவாதலூப்பில் இறக்கியது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்லும் கடல்வழி. திங்கள் கணக்கில் நீண்ட செலவு. ஒப்பந்தம் ஐந்தாண்டிற்கு. 1854-க்கும் 1889-க்கும் இடையே குவாதலூப்பிற்கு மட்டும் ஏறத்தாழ 42,000 பேர் ஏற்றிச் செல்லப்பட்டனர். மார்த்தினிக்கிற்கு 25,000-க்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் ஊர் திரும்பவே இல்லை.

அரியூர்ப் பக்கத்துக் கழனிகளில் கரும்பு வெட்டியவர்களுக்கும், ஆலைக்கு வரிசை வரிசையாகக் கரும்பு வண்டிகள் சென்ற காட்சியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கும் யான் சொல்வது விளங்கும். தோகை கிழித்த முன்கையின் எரிச்சலை அறிந்தவர்கள் நாம். அதே எரிச்சலை, திரும்ப வழியில்லாத ஒரு தீவில், பெயர்கூடச் சரியாக அழைக்கப்படாமல் பட்டவர்கள் அவர்கள்.

ஆம், பெயர்! நம் முன்னோர்க்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்றில்லை. தம் பெயர் ஒன்று. தந்தை பெயர் ஒன்று. தமிழ் அறியாத பதிவாளன், செவியில் விழுந்ததை விழுந்தவாறு எழுதினான். கப்பலேறிய ஒருவனுடைய தனிப்பெயர், அவன் பிள்ளைக்கும் பேரனுக்கும் கொள்ளுப் பேரனுக்கும் நீங்காத குடும்பப் பெயராக உறைந்துபோயிற்று. முத்துசாமி, இராமசாமி, வைத்தியலிங்கம் முதலிய பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் உருத்திரிந்து, இன்றும் அத்தீவுகளில் குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன. பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் 1981 முதல் குவாதலூப்பின் உறுப்பினராக இருந்த எர்னெசுட்டு முத்துசாமி அவ்வழியினரே. ஊர் மறைந்தது. உறவு மறைந்தது. மொழி மறைந்தது. சிதைந்த ஒரு பெயர் மட்டும், கரையில் ஒதுங்கிய கலத்தின் மரத்துண்டுபோல் எஞ்சியது. குமரிக் கண்டத்தைக் கடல் கொண்டது என்று வகுப்பில் சொல்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த இந்தக் கடல்கோளை எந்த வகுப்பில் சொல்கிறோம்?

மொழி முற்றும் அழிந்துவிடவில்லை என்பதும் உண்மை. அங்கே மாரியம்மனை 'மாலியெமன்' என்றும், மதுரைவீரனை 'மால்தெவிலன்' என்றும் வழங்கி வழிபட்டு வந்துள்ளனர். தப்பு இன்னும் தப்புத்தான். மத்தளம் 'மத்தலோன்'. கூத்தையும் பாட்டையும் நடத்துபவர் 'வத்தியாலு'. நம் வாத்தியார்தான்! பொருள் புரியாமலேயே தமிழ்ப்பாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த வாத்தியார் அவர். பொருள் புரிந்தும் காவாதிருக்கும் நம்போன்ற வாத்தியார்களைவிட அவர் ஒருபடி உயர்ந்தவர் அல்லரோ?

இனி, அந்த ஓவியச் சிறுமிக்கு வருவோம். அவளுக்குக் கெல்லி சின்னப்பா இட்ட பெயர் 'சான்பிரா'. பிரெஞ்சு அறிந்தார் செவிக்கு அது 'கையில்லாதவள்' என்றும் ஒலிக்கும். நம் புறத்திணையில் 'கையறுநிலை' என்று ஒரு துறை உண்டு. இழப்பின்முன் செயலற்று நிற்கும் நிலை. தமிழறிந்த நெஞ்சுக்கு அப்பெயரில் அந்நிலையும் புலப்படும். ஆயினும் அப்பெயருக்கு வேர் வேறிடத்தில் இருக்கிறது. 'கறுப்புக் குட்டிச் சாம்போ' என்னும் ஆங்கிலச் சிறுவர் கதைநூலே அவ்வேர். அந்நூல் பிறந்த இடமும் நம் மண்ணே என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

எலன் பானர்மேன் என்பார் காத்துலாந்து நாட்டுப் பெண்மணி. படை மருத்துவரான கணவருடன் இந்தியாவில் நெடுங்காலம், பெரிதும் சென்னை மாநிலத்தில், வாழ்ந்தவர். கொடைக்கானலில் தம் மகள்களை விட்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்பும் தொடர்வண்டிச் செலவில், 1898-இல், அம்மகள்களுக்காக இக்கதையை எழுதினார் என்பர். அடுத்த ஆண்டு இலண்டனில் நூலாயிற்று. கதை எளியது. ஒரு சிறுவன் புத்தாடையுடுத்திக் குடைபிடித்துக் காட்டுக்குள் செல்கிறான். புலிகள் ஒவ்வொன்றாக வந்து அவன் உடைமைகளைப் பறித்துக்கொள்கின்றன. பின், தம்முள் யார் அழகர் என்று சண்டையிட்டு, மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, உருகி நெய்யாகிவிடுகின்றன. அந்நெய்யில் தாய் பணியாரம் சுட, மகன் வயிறார உண்கிறான். புலி உலவும் காடு, உருகும் நெய். இவை ஆப்பிரிக்காவினவும் அல்ல, அமெரிக்காவினவும் அல்ல. நம் நாட்டுக் காடு, நம் அடுக்களை நெய். அச்சிறுவனோ அறிவுக்கூர்மையால் புலிகளை ஏய்த்துப் பிழைத்தவன்.

அவ்வறிவாளிச் சிறுவனுக்கு அவ்வம்மையார் இட்ட பெயரும் வரைந்த முகமுமே கேடாயின. 'சாம்போ' என்பது அமெரிக்க அடிமை நாட்டில் கறுப்பினத்தாரை இழித்துக் கூற முன்பே வழங்கிய சொல். கதை அமெரிக்காவிற்குச் சென்றது. ஆக்கியோர் உரிமை கைநழுவிப் போயிருந்தமையால் யார் யாரோ அச்சிட்டனர். யார் யாரோ படம் வரைந்தனர். புலிக் காட்டுச் சிறுவன், பருத்தித் தோட்டத்துக் கறுப்பு அடிமைச் சிறுவனாக மாற்றப்பட்டான். தடித்த உதடும் பிதுங்கிய கண்ணுமாக அவனை நகைப்பொருளாக்கினர். வெள்ளைப் பிள்ளைகள் படுக்கையில் படித்துச் சிரித்தனர். கறுப்புப் பிள்ளைகள் பள்ளியில் அப்பெயரால் ஏசப்பட்டனர். கறுப்பினப் பாவலர் இலாங்சுடன் இயூசு 1932-ஆம் ஆண்டிலேயே இந்நூலைக் கண்டித்தார். எனினும் 1957-இல் கலிபோர்னியாவில் 'சாம்போசு' என்னும் பெயரில் உணவகம் ஒன்று தொடங்கிற்று. உரிமையாளர் இருவர் பெயர்களின் பகுதிகளைச் சேர்த்து அமைத்த பெயர் என்றார்கள். சுவரிலோ அந்தச் சிறுவனும் புலியும்! நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள் கிளைத்தன. எதிர்ப்பு எழுந்தது, தொழிலும் நொடித்தது. எஞ்சி நின்ற முதல் கடை தன் பெயரை மாற்றிக்கொண்டது 2020-ஆம் ஆண்டில்தான்.

ஒரு கதை மாற்றி எழுதப்படவும் கூடும் என்பதற்கும் இந்நூலே சான்று. 1996-ஆம் ஆண்டு, கறுப்பின எழுத்தாளர் சூலியசு இலெசுட்டர் அதே கதையைத் தம் மக்களின் பெருமிதம் தோன்றப் புதிதாக எழுதினார். கறுப்பின ஓவியரான செர்ரி பிங்கினி படம் வரைந்தார். அதே ஆண்டு, வேறோர் ஓவியர், கதைமாந்தருக்கு இந்தியப் பெயரிட்டு இந்திய நிலத்திற்கே அதைத் திருப்பிக் கொணர்ந்தார். கறுப்பர் 'இவன் எங்கள் பிள்ளை' என்று மீட்டனர். மற்றொருவர் 'இவன் இந்தியப் பிள்ளை' என்று மீட்டார். கெல்லி சின்னப்பாவோ இரண்டையும் ஒருங்கே செய்கிறார். அவர் படைத்த சான்பிரா ஆப்பிரிக்கர் வளர்த்த தீவின் மகள். தென்னிந்தியக் கூலியின் கொடிவழி. புலிக்கும் அவளுக்கும் இடையே இருந்த பகை மாறிவிட்டது. செடியும் விலங்கும் மாந்தரும் ஓருடலாகும் அவ்வுலகில், பிறர் எழுதிய கதையில் நகைப்பொருளாக இருந்த பிள்ளை தன் கதையைத் தானே தொடங்குகிறாள்.

அவ்வோவியத் தொடருக்கு அவர் இட்ட பெயர் 'திரும்பாமையின் குறிப்பேடு' என்னும் பொருளது. மார்த்தினிக்கின் மாபெரும் பாவலர் எய்மே செசேர் 1939-இல் வெளியிட்ட 'தாயகம் திரும்பும் குறிப்பேடு' என்னும் நெடும்பாவிற்கு அது விடை. செசேர், கறுப்பினத்தார்க்குத் தம் கருமையையே கொடியாக உயர்த்தக் கற்பித்தவர். அவருடைய தோழர், செனகால் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் செங்கோர், கறுப்பினத்தார்க்கும் திராவிடர்க்கும் உள்ள உறவை ஆராய வேண்டும் என்று பேரார்வம் கொண்டவர். தமிழறிஞர் க. ப. அறவாணன், செனகாலின் தக்கார் நகரப் பல்கலைக்கழகத்தில் இருந்து அவ்வாராய்ச்சியை மேற்கொண்டார். கருமை நம்மைக் கடல் கடந்தும் உறவாக்கும் என்று அயலார் நம்மை நாடி வந்த காலம் ஒன்று இருந்தது. செசேர் திரும்புதலைப் பாடினார். சின்னப்பாவோ திரும்புதல் இல்லை என்கிறார். 170 ஆண்டுகளுக்குப்பின் எங்கே திரும்புவது? எந்த ஊருக்கு? எந்த வீட்டுக்கு? அவர் திரும்ப வேண்டியதில்லை. ஆனால், 'எங்கள் பிள்ளை எங்கே' என்று இக்கரையிலிருந்து ஒரு குரலாவது எழவேண்டாவா?

இவ்விடத்தில் அமெரிக்க நாட்டின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் நன்று. மாந்தரைக் கட்டங்களுக்குள் அடைக்கும் பழக்கம் அந்நாட்டிற்கு உண்டு. 1923-ஆம் ஆண்டு, பகத்சிங்கு திந்து என்னும் பஞ்சாபியர், தாம் வெள்ளை இனத்தவர் ஆகவே குடியுரிமைக்கு உரியவர் என்று வழக்காடினார். அமெரிக்க உச்ச முறைமன்றம் அதை மறுத்தது. 1930-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், சமயப் பெயரான 'இந்து' என்பதே ஓர் இனத்தின் பெயராக இடம்பெற்றது! அது பழைய கதை என்பீர்கள். 2024-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், சிக்காகோ நகரில் கறுப்பின இதழாளர் அவையில், கமலா ஆரிசைக் குறித்துத் திரம்பு எழுப்பிய வினா என்ன? அவர் இந்தியரா, கறுப்பரா என்பதுதான். சென்னைத் தமிழச்சியின் மகள். சமைக்கா நாட்டுக் கறுப்பரின் மகள். ஒருத்தி இரண்டாகவும் இருக்கலாம் என்பது, கட்டம் போட்டே பழகிய கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதே 1923-ஆம் ஆண்டு குவாதலூப்பில் வேறொன்று நிகழ்ந்தது. ஒப்பந்தக் கூலிகளின் வழியில் 1863-இல் பிறந்த என்றி சிதம்பரம் என்பார், தம் மக்களுக்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டி 1904 முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள் வழக்காடினார். வெள்ளையரின் வழியினர் என்று அவர் ஒருகாலும் வாதிட்டிலர். 'இம்மண்ணில் பிறந்தோம், இம்மண்ணிற்கு உழைத்தோம், எமக்கு உரிமை வேண்டும்' என்பதே அவர் நிலை. 1923-இல் அவ்வுரிமை கிட்டியது. ஓராண்டில் இருவேறு வழக்கு. வெள்ளைக்குள் இடம் கேட்டவர் தோற்றார். வெள்ளையாக வேண்டாமல் உரிமை கேட்டவர் வென்றார். வழக்குகளும் நாடுகளும் வேறு வேறு என்பதை அறிவோம். எனினும் இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது.

அப்பாடத்தை நாம் கற்றோமா? உலகமெங்கும் உழைப்பாளியை இழிக்க வழங்கும் 'கூலி' என்ற சொல் எம்மொழிச் சொல்? நம் சொல். முயற்சி தரும் பயனைக் குறிக்க வள்ளுவர் பெருமையோடு கையாண்ட சொல்! அதை அயலார் வசையாக்கினர். அது அயலார் செய்த கேடு. 'கருப்பி' என்பதை வசையாக்கியவர் யார்? அயலாரா? தொல்காப்பியம் முல்லை நிலத்திற்குரிய தெய்வமாகக் கூறும் மாயோன் கருநிறத்தோன். கடையெழு வள்ளல்களுள் ஒருவன் காரி. ஊர்தோறும் நம் எல்லையைக் காப்பவன் கருப்பன். கருமையை வணங்குகிறோம். மணமகளுக்கு மட்டும் 'சிவப்பாக வேண்டும்' என்று விளம்பரம் கொடுக்கிறோம். திரையில் வெண்ணிறத்து வடநாட்டு நடிகைக்கு, திரைக்குப் பின்னால் நின்று தமிழச்சி குரல் கொடுக்கிறாள். எங்கள் பள்ளி மேடையில் நடந்ததும் அதன் சிறு படியன்றி வேறென்ன? அமெரிக்கன் சாம்போவின் முகத்தைக் கெடுத்தான் என்று சினக்கும் தகுதி நமக்கு உண்டா?

பெயரின் கதையும் அதுவே. குவாதலூப்பில் பதிவாளனின் எழுதுகோல் நம் பெயரைச் சிதைத்தது. தடுக்க அவர்களுக்கு ஆற்றல் இல்லை. இங்கே யாருடைய வற்புறுத்தலும் இன்றி, பொருள் தெரியாத ஒலிகளைத் தேடிப்பிடித்துக் குழந்தைக்குச் சூட்டுகிறோம். வருகைப் பதிவேட்டை விரித்தால், நாற்பது பெயருள் நான்கைக்கூடத் தமிழென்று தொட்டுக்காட்ட இயலவில்லை. நாக்கு மடங்காத கிரந்த எழுத்துகளோடு அப்பெயர்களை நாள்தோறும் படிக்கும் எனக்குச் சின்னப்பா என்னும் சிதைந்த பெயர் அமிழ்தாக இனித்தது.

இவ்விடத்தில் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. கப்பலேறியோர் அனைவரும் ஏமாற்றப்பட்டே ஏறினர் என்று சொல்வதற்கில்லை. பசியும் பஞ்சமும் துரத்தின; பலரைச் சாதியும் துரத்தியது. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி, நம் புதுவையிலேயே பலர் தம் மரபுச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுப் புதுக் குடும்பப் பெயர் பூண்டனர். அவர்களுள் பலர் ஒடுக்கப்பட்ட மக்கள். பெயரைச் சொன்னாலே சேரியைச் சுட்டிக்காட்டிய குமுகாயத்தில், பெயரைக் கழற்றி எறிவதும் ஒரு விடுதலையாக இருந்தது. அவர்களைத் தமிழ்ப் பகைவர் என்று பழிப்பவன் அறிவிலி. தன் மக்களில் ஒரு பகுதியைத் தன் பெயராலேயே இழிவு செய்த இனம், அப்பெயரை அவர்கள் காக்கவில்லை என்று குறைகூற உரிமையற்றது. தமிழ்ப்பெயர் தமிழர் அனைவர்க்கும் தலைநிமிர்வு தருவதாக இருந்தால்தான் அது நிலைக்கும். சாதியைச் சுமந்துகொண்டு தனித்தமிழ் பேசுவது, ஓட்டைக் கலத்தில் தேன் நிரப்புவது போன்றது.

எனவே, செய்யத்தக்கன யாவை? பெருந்திட்டம் எதையும் யான் கூறவில்லை. அரியூரிலும் வில்லியனூரிலும் பாகூரிலும் நம்மால் இயலக்கூடியவற்றையே கூறுகிறேன்.

முதலாவது, நம் வகுப்பறைகளில் இக்கதை சொல்லப்பட வேண்டும். அமெரிக்காவைக் கண்டறிந்தவன் பெயரை நம் பிள்ளை அறிவான். அதே கடலில் கரும்பு வெட்டச் சென்ற தன் ஊரான் பெயரை அறியான். உலகப் படத்தில் குவாதலூப்பையும் மார்த்தினிக்கையும் தொட்டுக்காட்டி, 'இங்கே சின்னப்பாக்களும் முத்துசாமிகளும் இருக்கிறார்கள்' என்று சொல்ல எத்தனை மணித்துளி ஆகும்?

இரண்டாவது, வீட்டு முதியோரிடம் கேளுங்கள். 'கப்பலுக்குப் போனவர் திரும்பவில்லை' என்று கொள்ளுப்பாட்டி சொன்ன ஒரு வரி எங்கேனும் எஞ்சியிருக்கக் கூடும். ஊர், குடும்பம், பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். அக்கரையில் ஒருவர் தேடுகிறார். இக்கரையில் யாரும் தேடாவிடில் அத்தேடல் பாதியில் நிற்கும்.

மூன்றாவது, பிறக்கும் குழந்தைக்குத் தாய்மொழியில் பெயரிடுங்கள். பொருள் தெரிந்து, வாயாரக் கூப்பிட்டு, நெஞ்சார மகிழும் பெயராக இடுங்கள். நாளை அக்குழந்தை எந்தக் கடலைக் கடந்தாலும், எந்தப் பதிவாளன் எப்படிச் சிதைத்தாலும், நூற்றாண்டு கடந்து ஒருவர் எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது 'இது நம் பெயர்' என்று தெரியவேண்டும்.

நான்காவது எனக்கு நானே விதித்துக்கொண்டது. இவ்வாண்டு விழாவிற்கு அதே நாடகத்தை மீண்டும் எடுத்திருக்கிறோம். இப்பொழுது எட்டாம் வகுப்பில் இருக்கும் அச்சிறுமியை அழைத்து, 'தமிழன்னையாக நிற்கிறாயா, அம்மா?' என்று கேட்டேன். அவள் உடனே விடை சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, 'முகத்தில் மாவு பூசுவீர்களா, ஐயா?' என்று கேட்டாள்.

தமிழன்பர்களே! பன்னிரண்டு அகவைப் பெண்ணொருத்தி அப்படிக் கேட்குமாறு வைத்திருக்கிறோம் நாம். கடலுக்கு அப்பால் ஒரு சின்னப்பா தம் மக்களின் தோலில் இலையும் கொடியும் வரைந்து அழகு காண்கிறார். கடலுக்கு இப்பால் நாம் நம் மக்களின் தோலில் மாவு பூசுகிறோம்.

'பூசமாட்டோம்' என்று அவளுக்கு வாக்களித்திருக்கிறேன். விழா நாளில் திரை விலகும்போது, குரலும் முகமும் ஒருத்தியுடையனவாகவே இருக்கும். அவையில் வந்து அமருங்கள்!